பிள்ளையின் பொய்யும் பெற்றோர் கடனும்

நம் இல்லங்களில் பஞ்ச சீலம் ஓதப்படுகிறது. அவற்றுள் நான்காவது பொய்யுரை தவிர்த்தலாம். பெற்றோரோடு அமர்ந்து பிள்ளைகளும் ஓதுகின்றனர். ஓதிய அன்றே பிள்ளை ஒரு பொய் சொல்லிவிடின் பெற்றோர் மனம் பதைக்கிறது, கை ஓங்குகிறது. அவ்வேளையில் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதற்கண், பிள்ளை ஏன் பொய் சொல்கிறது என அறிதல் வேண்டும். மூன்று வயதுக் குழந்தை, வாசலில் யானை வந்ததெனக் கூறுவது கற்பனையேயன்றிப் பொய்யன்று. சற்று வளர்ந்த பிள்ளை 'நான் உடைக்கவில்லை' என்பது பெரும்பாலும் அச்சத்தினாலும் நாணத்தினாலும் ஆகும். அச்சத்தை மிகுவித்தால் பொய் குறையும் என்பர் சிலர். அது சரியன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் இரு பள்ளிகளின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் விக்டோரியா தல்வார், காங் லீ என்னும் உளநூலார் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு பள்ளியில் அடித்துத் தண்டிப்பது வழக்கம், மற்றதில் இல்லை. ஒரு பொருளைத் திரும்பிப் பாராதே எனச் சொல்லித் தனியே விட்டபோது, இரு பள்ளியிலும் பெரும்பாலோர் பார்த்தே விட்டனர். பின்னர் வினவியபோது, அடிக்கும் பள்ளியின் பிள்ளைகளே மிகுதியாகப் பொய் கூறினர். அப்பொய்யைத் திறமையாகக் காக்கவும் செய்தனர். தடி மெய்யைக் கற்பிக்கவில்லை, மறைக்கவே கற்பித்தது.

இனி, பகவன் புத்தர் இராகுலருக்கு அளித்த பாடத்தை நோக்குவோம். இராகுலர் அப்போது ஏழு வயதுச் சிறுவர் என்பது மரபு. பகவர் கால் கழுவியபின் பாத்திரத்தில் சிறிது நீரை மீதம் வைத்துக் காட்டினார், அதனைக் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், மீண்டும் நிமிர்த்தி வெறுமையைக் காட்டினார். அறிந்தே பொய் சொல்ல நாணாதவரின் துறவு இத்தகையதென உணர்த்தினார். பின்னர்க் கண்ணாடி எதற்கு என வினவி, முகத்தைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு செயலையும் செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் நோக்க வேண்டும் என்றார். செய்தது தவறாயின் ஆசானிடம் திறந்து கூறுதல் வேண்டும் என்றும் பணித்தார். இங்கே கடுமை உண்டு. அடியும் இழிசொல்லும் இல்லை. தவறியவன் திரும்பி வருவதற்கு வழியும் உண்டு. இராசத்தானத்துப் பைராட்டில் கண்ட அசோகரின் கல்வெட்டு, துறவியரேயன்றி இல்லறத்தாரும் அடிக்கடி கேட்கத்தக்கனவாகக் குறிக்கும் உரைகளுள் இதுவும் ஒன்று.

இப்பாடத்தை வீட்டில் நடத்தும் முறை வருமாறு:

1. விடை தெரிந்த வினாவைக் கேளாதீர். பானையை உடைத்தவன் யாரெனக் கண்டபின் 'யார் உடைத்தது?' எனக் கேட்பது பொய்க்குக் கண்ணி வைப்பதாகும். 'பானை உடைந்துவிட்டது, வா, ஓடுகளைப் பொறுக்குவோம்' என்க.

2. சினம் தணிந்தபின் பேசுக. பசியிலும் தூக்கத்திலும் அழும் பிள்ளைக்கு அறிவுரை செல்லாது. முதலில் அணைத்து, 'பயந்துவிட்டாயா?' எனக் கேட்க.

3. மெய் சொன்னால் அதனை முதலில் பாராட்டுக. ஆயினும் செய்த தவறு ஈடு செய்யப்படவேண்டும். தங்கையின் ஏட்டைக் கிழித்தவன் தன் ஏட்டைத் தரட்டும்.

4. 'பொய்யன்' எனப் பட்டம் சூட்டாதீர். செயலைக் கண்டிக்கலாம், பிள்ளையை அப்பெயரால் அழைத்தால் அதுவே தன் இயல்பென நம்பிவிடும்.

5. நம் வாயையும் காப்போம். கடன்காரரிடம் 'அப்பா வீட்டில் இல்லை' எனச் சொல்லப் பிள்ளையை ஏவிவிட்டு, மறுநாள் மெய்யைப் போதித்தல் எங்ஙனம்?

இதில் மற்றொரு பேருண்மையும் அடங்கியுள்ளது. திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்னும் பிள்ளையைச் 'சோம்பல், பொய்' என அதட்டுகிறோம். பள்ளியில் எவரேனும் அப்பிள்ளையின் சாதியைச் சொல்லி இழித்திருக்கலாம், அடித்திருக்கலாம், தகாத முறையில் தீண்டியும் இருக்கலாம். வீட்டில் மெய் சொல்லி அடிபட்ட பிள்ளை இத்தகையவற்றை நம்மிடம் சொல்லத் துணியாது. துன்புறுத்துவோர்க்கு அம்மௌனமே துணையாகும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் விலக்குகிறது. பள்ளியில் விலக்கிய தடியை நாம் வீட்டில் வைத்திருத்தல் முறையோ? சட்டம் பிள்ளைக்குக் காவலாக வேண்டுமாயின், நடந்ததைப் பிள்ளை முதலில் நம்மிடம் வந்து சொல்ல வேண்டுமன்றோ?

ஆகவே, அன்பர்களே! இரவில் பஞ்ச சீலம் ஓதியபின் சிறிது நேரம் பிள்ளைகளுடன் அமருங்கள். இன்று செய்ததில் நன்று எது, பிறரை வருத்தியது எது, உன்னை வருத்தியது எது என மூன்று வினாக்களைக் கேளுங்கள். முதலில் நீங்களே உங்கள் விடையைக் கூறுங்கள். பிள்ளை சில நாள் பேசாதிருக்கலாம், வற்புறுத்த வேண்டா. அது பேசும் நாளில் குறுக்கிடாது கேளுங்கள்.

சிந்தனைக்கு:

அ. பகவர் பாத்திரத்தையும் கண்ணாடியையும் எடுத்துக்காட்டியது ஏன்?

ஆ. சென்ற வாரம் நம் பிள்ளை எதற்கு அஞ்சி மறைத்தது?

இ. பிள்ளை கேட்க நாம் கூறிய பொய்கள் எவை?