அச்சமும் நகையும்

பொருநையாறு பாயும் திருநெல்வேலிச் சீமையில் பேய்க்கதை கேளாது வளர்ந்த பிள்ளைகள் மிகச் சிலரே. சுடலைமாடன் கோயிலிலும் இசக்கியம்மன் கோயிலிலும் கொடை நிகழும் இரவுகளில், வில்லுப்பாட்டுக்காரர் அத்தெய்வங்களின் கதைகளைப் பாடுவர். பிள்ளைகள் அன்னையின் முந்தானையைப் பற்றிக்கொண்டு கேட்பர். வீடு திரும்புகையில் வழியிலுள்ள புளியமரத்தை ஏறிட்டும் பாரார். மறுநாட் காலையில் அப்பிள்ளைகளே அம்மரத்தடியில் ஒருவரையொருவர் பேயென்று அச்சுறுத்திக் கைகொட்டி நகைப்பர். இரவில் அச்சம் தந்த பொருளே பகலில் நகை தருகின்றது.

அச்சம், நகை ஆகிய இரண்டும் தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அடங்குவன. அச்சம் பிறப்பதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு காரணங்களை அவர் காட்டுகின்றார். இவற்றுள் அணங்கு என்பது வருத்தும் தெய்வமும் பேயும் போல்வன. இறை என்பது நம்மை ஆளும் நிலையில் உள்ளவர். நகையோ எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவற்றால் பிறக்கும் என்பார். இப்பகுப்பு, ஆங்கில நாவல் ஒன்றைப் பற்றிய நெடுநாள் வழக்கைத் தீர்க்காவிடினும் விளங்கிக்கொள்ள உதவும்.

'நார்த்தாங்கர் ஆபி' என்பது அந்நாவலின் பெயர். துறவியர் மடமாக இருந்து, பின்னர்ச் செல்வர் மாளிகையான கட்டடம் ஒன்றின் பெயர் அது. ஜேன் ஆஸ்டின் அம்மையார் இதனை ஏறத்தாழ 1798, 1799ஆம் ஆண்டுகளில் எழுதினார். 1803இல் ஒரு பதிப்பாளர் பத்துப் பவுனுக்கு வாங்கி, அச்சிடாமலே வைத்திருந்தார். 1816இல் அதே பத்துப் பவுனைக் கொடுத்துக் கைப்பிரதியை மீட்டனர். அம்மையார் 1817 ஜூலையில் மறைந்தார். நூல் வெளிவந்ததோ அவ்வாண்டு டிசம்பரில்.

அக்காலத்து இங்கிலாந்தில், பாழடைந்த கோட்டை, இருண்ட சுரங்கவழி, அடைபட்ட பெண் என அச்சமூட்டும் கதைகளுக்குப் பெருமதிப்பு இருந்தது. ஆன் ராட்கிளிப் என்பார் 1794இல் வெளியிட்ட 'உடால்போவின் மர்மங்கள்' அவற்றுள் தலைசிறந்தது. பதினேழு வயதுக் காதரின் மார்லண்டு அதனை ஊணுறக்கம் மறந்து படிக்கின்றாள். பின்பு, நண்பர் ஹென்றி டில்னியின் தந்தையாகிய ஜெனரல் டில்னியின் மாளிகைக்கு விருந்தினளாகச் செல்கின்றாள். புயலடிக்கும் இரவு. அறையிலுள்ள நிலைப்பெட்டியைத் திறக்கின்றாள். உள்ளே ஒரு தாட்சுருள்! அதனைக் கையில் எடுத்தபின் விளக்கும் அணைந்துவிடுகின்றது. விடியுமட்டும் நடுங்கிக் கிடந்து, கதிரொளியில் விரித்துப் பார்த்தால், அது பழைய சலவைக் கணக்கு. இவ்விடத்தில் சிரியாதவர் இரார்.

காதரின் அதனோடு நிற்கவில்லை. ஜெனரல் தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்றும் ஐயுறுகின்றாள். ஹென்றி அதனை அறிந்து கடிந்துரைக்கவே, நாணிக் கண்ணீர் விடுகின்றாள். கதை இங்கே முடிந்திருந்தால் படிப்போரிடையே பிணக்கு எழுந்திராது. ஆனால், அவள் செல்வர் வீட்டுப் பெண் அல்லள் என்று அறிந்ததும், ஜெனரல் அவளை வைகறையில் துணையின்றி வெளியேற்றுகின்றார். எழுபது மைல் தொலைவு தன்னந்தனியே வண்டியில் செல்கின்றாள் அப்பேதைப் பெண்.

படித்தோர் இதனை ஒரே வகையாகக் கொள்ளவில்லை. கண்டதையெல்லாம் படித்தால் அறிவு மயங்கும் என்பதே நூலின் கருத்து என்றனர் ஒரு சாரார். இஃது எனக்கு உடன்பாடன்று. நாவல் படிப்பதை இழிவாகப் பேசுவோரை ஆசிரியையே அந்நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் சாடுகின்றார். முற்பகுதியின் நகைச்சுவையும் பிற்பகுதியின் துன்பமும் ஒட்டவில்லை எனக் குறை கூறினோரும் உளர். வேறு சிலரோ, காதரின் முற்றும் ஏமாந்தவள் அல்லள். ஜெனரல் கொலைஞர் அல்லராயினும் கொடியவரே என்றனர். இவர்கள் கூற்றைத் தொல்காப்பியர் வழிநின்று சொல்வதாயின், அவள் அணங்குக்கு அஞ்சினாள். அஞ்சத்தக்கதாய் அவ்வீட்டில் இருந்ததோ இறை. அச்சம் மெய், அதன் காரணத்தைத்தான் அவள் மாற்றிக் கண்டாள்.

இந்நூல் வெளிவந்த சில நாட்களில், 1818 ஜனவரி முதல் நாள், மேரி ஷெல்லி அம்மையாரின் 'பிராங்கன்ஸ்டைன்' வெளிவந்தது. பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு உயிர் படைத்தவனின் கதை அது. அதனைத் தமிழில் 'பிரேத மனிதன்' என்று தந்தவர் பொருநைக்கரைக்கு உரியவராகிய புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர் (1906 - 1948), திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றவர். எதனையும் எள்ளி நகையாட அஞ்சாதவர்.

அத்தகையவர் 1943இல் 'காஞ்சனை' என்னும் பேய்க்கதையை எழுதினார். கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். பத்திரிகைகளுக்குச் சரடு திரித்துப் பிழைப்பவர் என்று தம்மைத் தாமே எள்ளிக்கொள்கின்றார். இரவில் அவர் அறையில் காரணமின்றிப் பிணவாடை வீசுகின்றது. பின்னர் வந்த ஒரு பிச்சைக்காரியை மனைவி வேலைக்கு அமர்த்திக்கொள்ள விரும்புகின்றாள். அப்பெண்ணின் கால் தரையில் பாவவில்லை என்று அவருக்குத் தோன்றுகின்றது. மீண்டும் நோக்கினால் பாவியே நிற்கின்றது!

இக்கதையைப் படித்தோரும் பிரிந்தே நிற்கின்றனர். பேய் வந்தது மெய் என்பார் சிலர். கதை புனைந்து புனைந்து தளர்ந்த மனத்தின் மயக்கம் என்பார் சிலர். பேயை நம்பாத ஆசிரியர், நம்பாத நம்மையும் நடுங்கவைத்து வேடிக்கை பார்க்கின்றார் என்பாரும் உண்டு. காதரினுக்குச் சலவைக் கணக்கைக் காட்டி ஐயம் தீர்த்தார் ஆஸ்டின் அம்மையார். நம் ஊர் ஆசிரியரோ, நிலைப்பெட்டியைத் திறக்கும் கையை இறுதிவரை இருளிலேயே நிறுத்திவிட்டார். மாணவர்களே, கதையைப் படித்துவிட்டு உங்கள் ஆசிரியரிடம் தீர்ப்புக் கேட்பதில் பெரும்பயன் இராது. அவரும் அம்மூன்று சாராருள் ஒருவராகவே இருப்பார்.