காலம் சமைக்கும் உணவு

சுனாபட்டி, மும்பையில் உள்ள ஓர் இடம். குர்லாவுக்கு அடுத்த ரயில் நிலையம். மராத்தியில் சுனா என்றால் சுண்ணாம்பு. பட்டி என்றால் சூளை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எல்லாம் இங்கிருந்து பக்கம்தான். இந்தப் பகுதிகளில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலர்.

சுனாபட்டியில் ஒரு சிறிய வீடு. ஒரே அறை. அதில் நான்கு பேர். ஆச்சி, மகன், மருமகள், பேத்தி.

மகன் சைக்கிளில் இட்லி விற்கிறார். மருமகள் மாவு அரைத்து இட்லி அவிக்கிறார். அதிகாலை 3 மணிக்கே அடுப்பு எரியும். 6 மணிக்கு இட்லிப் பாத்திரம் சைக்கிளில் ஏறிவிடும். மாவு நன்றாகப் பொங்கினால் அன்றைக்கு வருமானம். பொங்காவிட்டாலும் நட்டம். மிகவும் புளித்துவிட்டாலும் நட்டம்.

ஒரு மே மாதம் அப்படித்தான் ஆனது. கடும் வெயில். மாலை 4 மணிக்கே மாவு அரைத்தாயிற்று. நள்ளிரவில் பொங்கி வழிந்தது. காலையில் ஒரே புளிப்பு. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். பாதி இட்லி வீட்டுக்குத் திரும்பி வந்தது. அன்று அரிசிக் கடைக்காரருக்குப் பணம் கொடுக்க முடியவில்லை.

அந்த வாரம்தான் பேத்தி ஒரு புதுப் பேச்சைத் தொடங்கினாள்.

"அம்மா, கிம்ச்சி வாங்கித் தா."

"அது என்னட்டி?" என்று ஆச்சி கேட்டார்.

"கொரியா நாட்டு ஊறுகாய், ஆச்சி. முட்டைக்கோசில் செய்வார்கள். டி.வி. நாடகத்தில் எல்லா வீட்டிலும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். கடையில் பாட்டிலில் இருக்கிறது."

அம்மா விலை கேட்டார். பேத்தி சொன்னாள். அம்மா பேசாமல் அரிசி களையப் போய்விட்டார்.

ஆச்சி மட்டும் விடவில்லை. "எப்படிச் செய்வார்களாம்? சொல்லு" என்றார்.

"கோசை உப்பில் ஊற வைக்கணும். அலசணும். மிளகாய், பூண்டு, இஞ்சி போட்டுப் பிசையணும். ஜாடியில் அடைச்சுப் புளிக்க வைக்கணும்."

ஆச்சி சிரித்தார். "இவ்வளவுதானா? புளிக்க வைக்கிறதுதானே நம்ம வீட்டுப் பிழைப்பு! உன் அம்மாவுக்குத் தெரியாத புளிப்பா?"

இட்லியும் கிம்ச்சியும் உறவு

ஆச்சி சொன்னது விளையாட்டுப் பேச்சு அல்ல. அதில் உண்மை இருக்கிறது.

இட்லி மாவு ஏன் பொங்குகிறது? மாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே உள்ளவை. நாம் தூங்கும்போது அவை வேலை செய்கின்றன. மாவில் உள்ள சத்தைத் தின்று பெருகுகின்றன. அப்போது ஒரு வாயு வெளிவருகிறது. அதனால் மாவு பொங்குகிறது. ஓர் அமிலமும் உண்டாகிறது. அதனால் மாவு புளிக்கிறது. தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். இதற்கு லாக்டிக் அமிலம் என்று பெயர்.

இட்லி மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களில் ஒன்று லியூகோனாஸ்டாக். கிம்ச்சியைப் புளிக்க வைப்பதிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. சுனாபட்டி மாவுப் பானையிலும் அது இருக்கிறது. கொரியாவின் ஜாடியிலும் இருக்கிறது.

பழைய சோறும் இப்படித்தான். இரவில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். காலையில் இலேசான புளிப்பு வருகிறது. அதுவும் நுண்ணுயிர்களின் வேலைதான்.

குளிருக்கு ஒரு சேமிப்பு

கொரியாவில் குளிர்காலம் கடுமையானது. பனி பெய்யும். அந்த மாதங்களில் பச்சைக் காய்கறி விளையாது. அதனால் குளிர் தொடங்கும் முன்பே கிம்ச்சி செய்து வைத்தார்கள். பெரிய மண் ஜாடிகளில் அடைத்தார்கள். ஜாடிகளை மண்ணில் புதைத்தார்கள். மண்ணுக்குள் சூடும் குளிரும் அதிகம் மாறாது. கிம்ச்சி மெதுவாகப் புளித்தது. பல மாதங்கள் கெடாமல் இருந்தது.

இதை ஒரு வீட்டார் தனியாகச் செய்வதில்லை. அக்கம்பக்கத்தார் சேர்ந்து செய்வார்கள். செய்ததைப் பகிர்ந்து கொள்வார்கள். இதற்குக் கிம்ஜாங் என்று பெயர். தென் கொரியாவின் இந்த வழக்கத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2013-ஆம் ஆண்டு மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் ஊரிலும் இது உண்டு. கோடையில் பெண்கள் சேர்ந்து வடகம் பிழிவார்கள். மாடியில் காய வைப்பார்கள். அவர்களுக்குக் குளிர்காலம். நமக்கு மழைக்காலம். காய் கிடைக்காத நாளுக்கான சேமிப்பு இது.

இன்னொரு செய்தி. இன்றைய கிம்ச்சி சிவப்பாக இருக்கிறது. காரணம் மிளகாய். மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொரியாவுக்கும் நமக்கும் அது கடல் கடந்து வந்த சரக்கு. நம் நாட்டுக்குப் போர்த்துக்கீசியர் கொண்டு வந்தார்கள். அதற்கு முன்பு நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். மிளகாய் வருவதற்கு முன்பே கொரியர்கள் உப்பில் காய் ஊற வைத்துச் சாப்பிட்டார்கள்.

ஜாடி வழிந்த இரவு

அம்மா சந்தையில் ஒரு கிலோ முட்டைக்கோஸ் வாங்கி வந்தார். மற்றவை வீட்டிலேயே இருந்தன. கொரியாவில் மீன் சாறும் உப்பிட்ட இறாலும் சேர்ப்பார்கள். இவர்கள் அவை இல்லாமலே செய்தார்கள்.

முதல் முறை ஒரு தவறு நடந்தது. ஜாடியைக் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி மூடிவிட்டார்கள். இரவில் சாறு பொங்கியது. மூடியைத் தாண்டி வழிந்தது. கீழே இருந்த பாய் நனைந்தது. அறை முழுவதும் பூண்டு வாசம். மகன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாவுப் பானையில் இடம் விட்டுத்தானே அரைத்து ஊற்றுகிறாய்? இதற்கு ஏன் மறந்தாய்?" என்று ஆச்சி கேட்டார்.

"மறந்துதான் போனேன், அத்தை. வெளிநாட்டுச் சாமான் என்றதும் பயந்துவிட்டேன்" என்றார் மருமகள்.

இரண்டாம் முறை சரியாக வந்தது. அந்தச் செய்முறையை அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். அவர் மாலை வகுப்பில் எழுதப் படித்தவர். நோட்டில் இருந்தது இதுதான்:

முட்டைக்கோஸ் கிம்ச்சி

தேவையானவை:
முட்டைக்கோஸ் – 1 கிலோ
முள்ளங்கி – 1
வெங்காயத்தாள் – 1 கட்டு
உப்பு – 50 கிராம்
பூண்டு – 10 பல்
இஞ்சி – ஒரு விரல் நீளம்
காஷ்மீரி மிளகாய்த்தூள் – 3 மேசைக்கரண்டி
அரிசி மாவு – 1 மேசைக்கரண்டி
சர்க்கரை – 1 தேக்கரண்டி

செய்முறை:
1. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவவும். ஜாடியைக் கொதிநீரில் கழுவிக் காய வைக்கவும்.
2. கோசைக் கழுவிச் சதுரமாக நறுக்கவும். உப்புச் சேர்த்துப் பிசறவும். 2 மணி நேரம் ஊற விடவும். நடுவில் புரட்டிவிடவும்.
3. கோஸ் துவண்டுவிடும். கொதித்து ஆறிய தண்ணீரில் 2 முறை அலசவும். நீரை வடிக்கவும். ஒரு துண்டு தின்று பார்க்கவும். இலேசாக உப்புக் கரிக்க வேண்டும்.
4. அரிசி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கஞ்சி காய்ச்சவும். நன்றாக ஆற விடவும்.
5. கஞ்சியில் மிளகாய்த்தூள், சர்க்கரை, தட்டிய பூண்டு, இஞ்சி சேர்க்கவும்.
6. கோஸ், நறுக்கிய முள்ளங்கி, வெங்காயத்தாள் எல்லாவற்றையும் இதில் பிசறவும்.
7. ஜாடியில் அழுத்தி அடைக்கவும். காய் சாற்றுக்குள் மூழ்கி இருக்க வேண்டும். மேலே நான்கு விரல் இடம் விடவும். மூடியை இறுக்க வேண்டாம். அடியில் ஒரு தட்டு வைக்கவும்.
8. மும்பை வெயிலில் ஒரு நாள் வெளியில் இருந்தால் போதும். பிறகு குளிர்பெட்டியில் வைக்கவும்.

குளிர்பெட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது? கால் கிலோ கோசில் கொஞ்சமாகச் செய்யலாம். இரண்டு நாளில் சாப்பிட்டு முடிக்கலாம்.

உப்பு ஏன்? மூழ்க வைப்பது ஏன்?

உப்பு காயில் உள்ள நீரை வெளியே இழுக்கிறது. கெடுதல் செய்யும் கிருமிகள் பல உப்பில் வளராது. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் உப்பைத் தாங்கும். அவை அமிலத்தை உண்டாக்கும். அமிலம் கூடக் கூடக் கெட்ட கிருமிகளுக்கு இடம் இல்லாமல் போகும்.

பூஞ்சைக்குக் காற்று வேண்டும். சாற்றுக்குள் மூழ்கிய காய்க்குக் காற்று படாது. அதனால் அங்கே பூஞ்சை பிடிக்காது.

ஒன்றை மறக்கக் கூடாது. இட்லியை ஆவியில் அவிக்கிறோம். சூட்டில் கிருமிகள் சாகும். கிம்ச்சியை அப்படியே சாப்பிடுகிறோம். எனவே தண்ணீரும் கையும் பாத்திரமும் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். பூஞ்சை படர்ந்தாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ முழுவதையும் கொட்டிவிட வேண்டும். கிம்ச்சியில் உப்பு அதிகம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் குறைவாகச் சாப்பிட வேண்டும்.

புளித்துப் போனால் பலகாரம்

இட்லி மாவு புளித்துவிட்டால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம் சுடுகிறோம். குழிப்பணியாரம் ஊற்றுகிறோம். கொரியர்களும் இதையே செய்கிறார்கள். நாள்பட்ட கிம்ச்சியை மாவில் கலந்து அடை சுடுகிறார்கள்.

ஒரு கப் கோதுமை மாவு, 2 கரண்டி அரிசி மாவு எடுக்கவும். நறுக்கிய கிம்ச்சி ஒரு கப் சேர்க்கவும். தண்ணீர் விட்டுத் தோசை மாவு போலக் கரைக்கவும். கிம்ச்சியிலேயே உப்பு உண்டு. தனி உப்பு வேண்டாம். தோசைக் கல்லில் எண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்கச் சுடவும். மழை நாளில் கொரியர்கள் இதை விரும்பிச் சாப்பிடுவார்கள். மும்பை மழைக்கும் இது நன்றாக இருக்கும்.

குடிக்க ஏதாவது

காரத்துக்குப் பிறகு குடிக்க ஒன்று வேண்டும். நம்மிடம் நீர்மோர் இருக்கிறது. பானகம் இருக்கிறது. மும்பையில் கோகம் சர்பத் கிடைக்கும்.

கொரியர்களிடம் சுஜோங்க்வா என்று ஒரு பானம் உண்டு. இஞ்சியும் பட்டையும் போட்டுக் காய்ச்சுவார்கள். இனிப்புச் சேர்த்து ஆற வைத்துக் குடிப்பார்கள். ஆச்சி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "இது நம்ம சுக்குத் தண்ணிக்குத் தங்கச்சி" என்றார்.

ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் இஞ்சியை நறுக்கிப் போடவும். விரல் நீளப் பட்டை 3 போடவும். சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்க விடவும். வடிகட்டி, தேவைக்குச் சர்க்கரையோ வெல்லமோ சேர்க்கவும். ஆறியதும் குடிக்கவும்.

வறுத்த பார்லியைக் கொதிக்க வைத்த தண்ணீரும் அங்கே அன்றாடப் பானம். அதற்குப் போரிச்சா என்று பெயர்.

மூடியில் ஒரு தேதி

கிம்ச்சி ஜாடியின் மூடியில் மருமகள் ஒரு காகிதம் ஒட்டினார். செய்த தேதியையும் நேரத்தையும் எழுதினார். எப்போது குளிர்பெட்டிக்குள் வைத்தார் என்றும் எழுதினார்.

மறுநாள் மாவு அரைத்தார். பானையைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். இன்னொரு காகிதம் கிழித்தார். மாவு அரைத்த நேரத்தை எழுதிப் பானையிலும் ஒட்டினார்.

அன்று முதல் நோட்டில் தினமும் ஒரு வரி. தேதி, அரைத்த நேரம், வெயிலா மழையா, மாவு எப்படி இருந்தது. ஒரு மாதத்தில் கணக்குப் புரிந்தது. வெயில் நாளில் இரவு 8 மணிக்கு அரைத்தால் சரியாக இருந்தது. குளிர் நாளில் மாலை 4 மணிக்கே அரைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு புளித்த இட்லி திரும்பி வந்ததில்லை.

ஆச்சிக்கு எழுதத் தெரியாது. மாவை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அவர் மூக்கை யாரும் கடன் வாங்க முடியாது. மருமகளின் நோட்டை யாரும் வாங்கிப் படிக்கலாம். பக்கத்து வீட்டு மராத்திப் பெண் ஒரு கிண்ணம் கிம்ச்சி வாங்கிப் போனார். மறுநாள் அதே கிண்ணத்தில் மாங்காய் ஊறுகாய் வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது.

"எப்படிச் செய்தாய்? எழுதிக் கொடு."

மருமகள் நோட்டை எடுத்தார்.

தெரிந்துகொண்ட சொற்கள்

நுண்ணுயிர் – கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்
அமிலம் – புளிப்புத் தன்மை உள்ள பொருள்
பூஞ்சை – ஈரப் பொருளில் படரும் பூசணம்

பதில் சொல்லுங்கள்

1. இட்லி மாவு ஏன் பொங்குகிறது?
2. கிம்ச்சி ஜாடியில் ஏன் மேலே இடம் விட வேண்டும்?
3. கிம்ச்சி செய்ய ஏன் அதிகச் சுத்தம் தேவை?

எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் புளிக்க வைக்கும் உணவு ஒன்றின் செய்முறையை எழுதுங்கள். அளவையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் உள்ள பெரியவரிடம் படித்துக் காட்டுங்கள். விட்டுப் போனதை அவர் சொல்லுவார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.