டைமரும் இண்டரப்டும்



சலவை இயந்திரம், போக்குவரத்து விளக்கு போன்றவற்றின் உள்ளே மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லு இருந்து பணியாற்றுகிறது. ஒரு நேரத்தில் ஒரு கட்டளையை மட்டுமே நிறைவேற்றும் இச்சில்லு, பல வேலைகளை எவ்வாறு கவனிக்கிறது? டைமர், இண்டரப்ட் என்னும் இரு துணைகள் அதற்கு உண்டு.

சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு விளக்கும், பாதசாரிகளுக்கென ஒரு பொத்தானும் இருப்பதாகக் கொள்வோம். "பத்து விநாடி காத்திரு, பிறகு பொத்தானைப் பார்" என நிரல் எழுதினால் என்ன ஆகும்? அந்தப் பத்து விநாடிக்குள் ஒரு முதியவர் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், சில்லு அதை அறியாது. அவர் வீணே காத்து நிற்பார்.

ஆகவே, நேரத்தை எண்ணும் வேலையை டைமரிடம் விட்டுவிட வேண்டும். ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள ஏடிமெகா 328பி சில்லின் கடிகாரம் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. அதன் 'டைமர் 1' 65,535 வரைதான் எண்ணும். எனவே 1,024 துடிப்புகளுக்கு ஒருமுறை எண்ணச் செய்கிறோம். அப்போது ஒரு விநாடிக்கு 15,625 எண்ணிக்கைகள் வரும். பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் எல்லையை 15,624 என வைக்க வேண்டும்.

எல்லையை எட்டியதும் டைமர் சில்லை அழைக்கும். பொத்தானும் அவ்வாறே அழைக்கும். இவ்வழைப்பே இண்டரப்ட். பூவேலை செய்யும் பெண், யாரேனும் கதவைத் தட்டினால் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் செல்கிறாள். திரும்பி வந்து அதே இடத்தில் தைக்கிறாள் அல்லவா? சில்லும் நடப்புக் கட்டளையை முடித்து, விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அழைப்புக்கான சிறு நிரலைச் செய்துவிட்டுத் திரும்புகிறது.

ஆனால் கதவருகே நெடுநேரம் பேசக் கூடாது! அச்சிறு நிரல் ஓடும்போது மற்ற அழைப்புகள் காத்திருக்கும். அதற்குள் ஒரே அழைப்பு இருமுறை வந்தால், ஒன்றே நினைவில் நிற்கும்; மற்றது தொலைந்துவிடும். ஆதலால் "பொத்தான் அழுத்தப்பட்டது" என்று மட்டும் குறித்துக்கொண்டு, மீதி வேலையை முதன்மை நிரலுக்கு விடுவதே முறை.

தோழியரே, நிரல் எழுதும்போது சாலையோரம் நிற்கும் அந்த முதியவரை நினைப்போம். அவர் ஒருமுறை அழுத்தினாலே போதும் என்னும்படி எழுதுவோமாக!