வண்டிக் குதிரையின் மறுவாழ்வு

சென்னை மாநகரின் வடபாலுள்ள வண்ணாரப்பேட்டை, பெயராலேயே தன் பழமையை அறிவிக்கும் ஊராகும். கிழக்கிந்தியக் கும்பெனியார் காலத்தில், கப்பலேறும் துணிகளை வெளுத்துக் கொடுத்த தொழிலாளர் குடியிருந்தமையின் இப்பெயர் எய்திற்று. இவ்வூரின் உழைப்பில் மக்களோடு விலங்குகளும் பங்கு கொண்டன. அழுக்கு மூட்டைகளைக் கழுதைகள் சுமந்தன. துறைமுகத்துச் சரக்கினைக் காளைகள் இழுத்தன. மக்களை ஏற்றிச் சென்றவை குதிரைகள். 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்தில் இரயில் நிலையம் திறக்கப்பட்டபின், அங்கு இறங்குவோரை வீடு சேர்க்க ஜட்கா வண்டிகள் காத்து நிற்பது வழக்கமாயிற்று.

ஜட்கா என்பது குலுக்கல் எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல். அதில் ஒருமுறையேனும் ஏறிச் சென்றவர் அப்பெயரின் பொருத்தத்தை மறுக்கமாட்டார். இரண்டு சக்கரங்களும், வளைந்த கூண்டும், உள்ளே புல்லைப் பரப்பி அதன்மேல் விரித்த பாயுமே அவ்வண்டியின் அமைப்பாகும். ஏறியவர் கால்களை மடக்கி அமர்தல் வேண்டும். அமர்ந்தவுடன் வண்டிக்காரர், “சற்று முன்னே வாருங்கள், சற்றுப் பின்னே செல்லுங்கள்” என்று கூறிக்கொண்டேயிருப்பார். இஃது அவருடைய வீண் அதிகாரம் அன்று. முன்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் குதிரையின் முதுகை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழுந்து, வயிற்றைச் சுற்றிய வார் குதிரையை மேல்நோக்கி இழுக்கும். பாரம் நடுவே நின்றால்தான் குதிரைக்கு இழுக்கும் வேலை மட்டுமே எஞ்சும். நல்ல வண்டிக்காரருக்கு இந்நுட்பம் கைவந்த கலை. அவர் தாம் உண்ணுமுன் குதிரைக்குக் கொள்ளு வைப்பார். குதிரை நலிந்தால் தம் குடும்பமும் நலியும் என்பதனை அவர் நன்கு அறிவார்.

ஆயினும், வருவாய் குறைந்த காலத்தில் முதலில் குறைந்தது குதிரையின் உணவே. பேருந்தும் ஆட்டோ ரிக்ஷாவும் பெருகப் பெருக, ஜட்காவில் ஏறுவார் அருகினர். யான் பள்ளியிற் பயின்ற 1970-களின் தொடக்கத்தில், வேலையற்ற குதிரைகள் எங்கள் தெருமுனையில் குப்பை மேட்டருகே நிற்பதைக் கண்டிருக்கிறேன். விலா எலும்புகளை ஒன்று, இரண்டு என எண்ணலாம். கழுத்துவார் உராய்ந்த இடத்தில் புண், அதன்மேல் ஈக்கள், அவற்றை ஓட்ட வாலை வீசுதற்கும் வலுவில்லை. உடையவர் கொடியவர் அல்லர். அவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. வறுமை ஒரு வீட்டினுள் நுழையுங்கால், வாய் பேசாத உயிரைத்தான் முதலில் தீண்டுகிறது. இன்று வண்ணாரப்பேட்டையில், 2019-ஆம் ஆண்டு முதல், பூமிக்கடியில் மெட்ரோ இரயில் ஓடுகின்றது. எனினும், உழைத்து ஓய்ந்த குதிரையைத் தெருவில் விட்டுவிடும் வழக்கம் நாட்டிலிருந்து ஒழிந்துவிடவில்லை. உதகமண்டலத்திற் சுற்றுலாவினரைச் சுமந்து தளர்ந்த மட்டக் குதிரைகள், நெகிழிப் பைகளை மேய்ந்து திரிவதைக் கண்டோர் பலர்.

குதிரையைப் போற்றத் தெரியாமை நம் நாட்டிற்குப் புதிய குறையும் அன்று. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகின்றது. பரி, புரவி, மா, இவுளி எனப் பல பெயரிட்டு அவ்விலங்கைப் புலவர் கொண்டாடினர். ஆனால், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்துப் பயணி வேறொன்றைக் குறித்துள்ளார். அரசன் ஆண்டுதோறும் ஈராயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறான். ஆண்டிறுதியில் நூறும் எஞ்சுவதில்லை. பேணும் முறை அறிந்தாரும், குதிரை மருத்துவரும் இல்லாமையே காரணம் என்பது அவர் கூற்று. அரபு நாட்டு வணிகர், தம் விற்பனை குறையுமென்று அஞ்சி, குதிரை மருத்துவரை இங்கு வரவொட்டாமல் தடுத்தனர் என்றும் அவர் எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். பயணிகள் எழுத்தில் அஃது இயல்பு. அறியாமையும் ஆதாயமும் ஒன்று சேர்ந்தால் உயிர் மலிவாகிவிடும் என்பதில் மிகை இல்லை.

இந்நிலை மாறுதற்கான முயற்சிகள் சென்னையிலேயே பல எழுந்தன. வேப்பேரியிலுள்ள விலங்குவதைத் தடுப்புச் சங்கம் பழமையானது. அதே வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு, டாபின் ஹால் என்னும் சிறு கட்டடத்திற் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த உருக்குமணிதேவி அருண்டேல் அம்மையார் விலங்குவதையைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அரசே சட்டம் இயற்றுவதாகப் பிரதமர் நேரு உறுதி கூறியதன்மேல் அது திரும்பப் பெறப்பட்டு, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1965-ஆம் ஆண்டு விதிகள், வண்டியிழுக்கும் விலங்கிற்குரிய அளவுகளை வரையறுத்தன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேல் வேலை கொள்ளலாகாது. 5 மணி நேரத்திற்கு ஒருமுறை ஓய்வு தரவேண்டும். வெப்பம் 37 பாகையைக் கடந்தால் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியிற் பூட்டலாகாது. வண்டிக்காரரும் சிறு குழந்தைகளும் நீங்கலாக நால்வருக்கு மேல் ஏற்றலாகாது. முள் வைத்த கடிவாளம் கூடவே கூடாது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் நடந்தவருக்கு இவ்விதிகளின் அருமை விளங்கும். முதன்முறை குற்றம் புரிந்தோர்க்கு அச்சட்டம் விதித்த தண்டமோ 50 ரூபாய் வரையே. இன்று அத்தொகைக்கு ஒரு குதிரையின் ஒருவேளைப் புல்லும் கிடைப்பது அரிது. ஆயினும், துன்புற்ற விலங்கை மருத்துவ விடுதிக்கு அனுப்பவும், குற்றம் உறுதிப்பட்டால் அதனை உடையவரிடமிருந்து மீட்கவும் நீதிமன்றத்திற்கு அச்சட்டம் அதிகாரம் அளிக்கின்றது. கால்நடை மருத்துவர் சான்று தந்தாலன்றி விடுதியிலிருந்து விலங்கினைத் திரும்பப் பெறவும் இயலாது.

இனி, மீட்கப்பட்ட ஒரு குதிரையை எங்ஙனம் தேற்றுவது என்பதைக் காண்போம்.

முதலில் அதனைப் பிற குதிரைகளினின்றும் பிரித்து நிறுத்துவர். கிளாண்டர்ஸ் என்னும் கொடுநோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. ஆதலின், குருதியை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவர். அரியானா மாநிலத்து ஹிசார் நகரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இச்சோதனையிற் பெயர் பெற்றது. ஆறாப் புண்களுள்ள குதிரைக்கு ரண ஜன்னி எளிதில் வருமாதலின் அதற்குரிய ஊசியும் இடப்படும்.

அடுத்தது உணவு. இங்கேதான் இரக்கமுள்ளவர் பெரிதும் தவறுவர். எலும்பும் தோலுமாய் நிற்கும் உயிரைக் கண்டவுடன், கூடை நிறையக் கொள்ளும் தவிடும் கொட்டத் தோன்றும் அன்றோ? அவ்வன்பே அதற்கு நஞ்சாகிவிடும். நெடுநாட் பட்டினியில், உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிரைத் தாங்கி நிற்கின்றது. அந்நிலையில் மாச்சத்து மிகுந்த தானியம் திடீரென உட்சென்றால், இன்சுலின் பெருகும். குருதியிலுள்ள பாஸ்பரசு, மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் விரைந்து புகும். குருதியில் அவை குன்றிவிட, இதயமும் மூச்சும் தளர்ந்து, சில நாட்களில் குதிரை இறந்துபடும். நெடுநாள் நோயுற்றிருந்தவர்க்கு விருந்து படைக்காமல் கஞ்சி வார்க்கும் நம் பாட்டிமாரின் அறிவே இங்கும் வேண்டற்பாலது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழக அறிஞர், பட்டினியால் மெலிந்த குதிரைகளுக்குப் பலவகை உணவுகளைக் கொடுத்துச் சோதித்து, அல்ஃபால்ஃபா என்னும் பயறுவகைப் பசுந்தீவனத்தை உலர்த்திக் கொடுப்பதே சிறந்தது எனக் கண்டனர். அத்தீவனத்திற்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? குதிரைமசால்! அதனைச் சிறிது சிறிதாக, நாளுக்கு ஆறு முறை வைத்து, பத்து நாட்களில் அளவை மெல்லக் கூட்டுதல் வேண்டும். தூய நீர் எப்பொழுதும் எதிரே இருக்கவேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதனையும் நினைவிற் கொள்ளுங்கள். உட்சென்ற பிழையை அது வெளியேற்றிக் கொள்ள வழியில்லை.

தேறுவதை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. கழுத்து, தோள், விலா, முதுகு, வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து, 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவர். டெக்சாசில் 1983-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட முறை இது. 1 என்றால் தோல் போர்த்த எலும்புக்கூடு. 5 என்றால் நன்னிலை. மிக மெலிந்த குதிரை ஐந்தை எட்டப் பல திங்கள் ஆகும். குதிரையின் பல் தேயத் தேய மேலெழும் இயல்பினது. ஒழுங்கின்றித் தேய்ந்தால் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். அதனை அரத்தால் தேய்த்துச் சமன் செய்தாலன்றி, எவ்வளவு தீவனம் வைத்தும் பயனில்லை. குளம்பு திங்களுக்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் வளர்வது. கவனிப்பாரற்றுப் பிளந்த குளம்பை ஒரே நாளிற் சீவிச் சரியாக்க எண்ணுதல் கூடாது. ஆறு வாரத்திற்கு ஒருமுறை சிறிது சிறிதாகச் சீவி வந்தால், ஏறத்தாழ ஓராண்டில் புதுக் குளம்பு இறங்கி வரும்.

உடல் தேறினும் உள்ளம் தேறாத குதிரைகள் உண்டு. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், நேர்பின்னே நிற்பவரை அது காணமாட்டாது. சவுக்கடியோ பெரும்பாலும் பின்னிருந்தே வந்தது! ஆகவே, அதனை அணுகுவோர் குரல் கொடுத்துக்கொண்டு, தோள் பக்கமாக, கைகளைத் தாழ்த்திச் செல்லவேண்டும். கையை உயர்த்தினால், தடவுதற்கென்று நாம் எண்ண, அடித்தற்கென்று அது எண்ணும். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே ஆள் சென்று, தூரிகையால் மெல்லத் தேய்த்துவிட வேண்டும். காதுகளைப் பின்னே மடித்து வைத்திருந்த குதிரை, ஒருநாள் அக்காலடி கேட்டுக் காதை முன்னே திருப்பும். குதிரை நின்றபடியே உறங்கும் என்பர். அரைத்துயில் அங்ஙனம் நிகழும். ஆழ்ந்த கனவுத்துயிலுக்கு அது படுத்தே ஆகவேண்டும். அச்சம் நீங்காத இடத்தில் அது படுப்பதில்லை. ஆதலால், புதிதாக வந்த குதிரை முதன்முறை கால் நீட்டிப் படுத்த நாளை, விடுதியில் உள்ளோர் தம்முள் சொல்லி மகிழ்வர்.

எல்லாக் குதிரைகளும் தேறுவதில்லை. கெய்ரோவில் 1930-ஆம் ஆண்டு வந்து தங்கிய டோரதி புரூக் என்னும் ஆங்கில அம்மையார், முதல் உலகப் போரிற் பணியாற்றிப் பின்னர் எகிப்தில் விற்கப்பட்ட குதிரைகள் வண்டியிழுத்து நைவதைக் கண்டார். 1931-இல் இலண்டன் நாளிதழ் ஒன்றுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்தோர் பொருளனுப்பினர். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை விலை கொடுத்து மீட்டார். அவற்றுட் பெரும்பாலானவை பிழைக்கும் நிலையில் இல்லை. சில நாள் நல்லுணவும், வைக்கோற் படுக்கையும், நிழலும் கொடுத்து, வலியின்றி உயிர் நீங்கச் செய்தார். அவரைக் குறை கூறினாரும் உண்டு; யான் கூறமாட்டேன். அவர் 1934-இல் தொடங்கிய மருத்துவமனை, வண்டிக்காரர்களின் விலங்குகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்தது. ஏழை உழைப்பாளியை ஒறுப்பதினும் அவனுக்குத் துணை செய்வதே விலங்கைக் காக்கும் வழி என அவர் தெளிந்திருந்தார்.

தேறிய குதிரையை வளர்க்க விரும்புவோரிடம் ஒப்படைப்பது கடைசிப் படி. கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடலாகாது. நிழலும் மேய்ச்சலும் உள்ள இடம் உண்டா, ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் எட்டுக் கிலோ உலர்தீவனம் வாங்கும் வசதி உண்டா, குளம்பு சீவுபவரும் மருத்துவரும் அணுகும் தொலைவில் உள்ளனரா என ஆராய்தல் வேண்டும். குதிரை கூட்டமாய் வாழும் விலங்கு. துணையின்றித் தனியே கட்டுண்டால் ஏங்கும். ஆதலின் மற்றொரு குதிரையோ கழுதையோ உள்ள இடமே சிறந்தது. விற்பதில்லை, வண்டியிற் பூட்டுவதில்லை, காக்க இயலாதபோது விடுதிக்கே திருப்பித் தருவேன் என எழுத்தில் உறுதி பெறுவர். அறிவிப்பின்றிச் சென்று பார்க்கும் உரிமையையும் விடுதியார் தம்மிடமே வைத்துக்கொள்வது நன்று. பேணப்பட்ட குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. பன்னிரண்டு வயதில் ஓய்ந்ததென்று தெருவில் விடப்பட்டதற்கு, இன்னும் அத்துணை ஆண்டுகள் இருக்கலாம். ஏற்பார் இல்லாதவற்றிற்கு விடுதியே வீடு. நீலகிரியில் மசினகுடியை அடுத்துள்ள விலங்குப் புகலிடம் ஒன்றில், உதகைத் தெருக்களிலிருந்து மீட்கப்பட்ட மட்டக் குதிரைகளும் கழுதைகளும் ஒன்றாய் மேய்கின்றன. ஒரு குதிரை புதிய இல்லம் சென்றவுடன், அது நின்ற லாயத்தைக் கழுவிச் சுண்ணாம்பு தெளித்து, அடுத்து வருவதற்காகப் புது வைக்கோலைப் பரப்பி வைப்பார்கள்.