ஆயர் ஒருவர், கூட்டம் மூன்று

கேள்வி: கடலூரிலும் சிதம்பரத்திலும் எங்கள் சபைக்கு ஆலயம் உண்டு, ஆயர் ஒருவரே. வாலிபர், பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு என ஆளுக்கொரு நாட்காட்டி. இணையதளத்தில் எல்லாம் மோதுகின்றன. என்ன செய்வது?
– வாசகர், சிதம்பரம்

பதில்: ஒன்றாக்கிவிடாதீர்கள். கூகுள் காலண்டரில் தனித்தனி நிறத்தில் இருக்கட்டும். ஆயருக்கும் மண்டபத்துக்கும் தனி நாட்காட்டி திறந்து, அதில் இடம் பிடித்த பிறகே எந்தக் கூட்டமும் தளத்தில் ஏறட்டும். ஏற்றும் உரிமை ஒருவருக்கே. (சண்டை வரும், வரட்டும்.) ஈஸ்டரை 'ஆண்டுதோறும்' என்று போடாதீர்கள்: 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28. சாம்பல் புதனும் புனித வெள்ளியும் கூடவே நகரும். சிதம்பரத்துக்கு நடராஜர் கோயில் விழா நாட்களையும் சேருங்கள். 2023-ல் ஆருத்ரா தரிசனம் டிசம்பர் 27. தேரோடும் நாளில் கிறிஸ்துமஸ் விருந்து வைத்தால், கடலூரிலிருந்து வருபவர்கள் ஊருக்கு வெளியிலேயே நிற்க வேண்டியதுதான்.