டேப்ளட்டை 'ரூட்' செய்யலாமா?

ஆண்ட்ராய்ட் டேப்ளட் வாங்கிய சில மாதங்களிலேயே பலருக்கும் ஓர் எரிச்சல் வரும். நாம் கேட்காத அப்ளிகேஷன்கள் பத்துப் பதினைந்து உள்ளே உட்கார்ந்திருக்கும். எடுத்துவிடலாம் என்று போனால், அன்இன்ஸ்டால் பட்டனே இருக்காது. காசு கொடுத்தவர் நீங்கள். அதிகாரம் மட்டும் கம்பெனியிடம்! அப்போது பக்கத்தில் யாராவது ஒருவர், "ரூட் பண்ணிருங்க, எல்லாம் சரியாயிரும்" என்பார். செய்யலாமா? முதலில் ரூட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

சாவி யாரிடம்?

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். அதில் எல்லா அதிகாரமும் உள்ள பயனாளரின் பெயர்தான் ரூட். அவருக்கு எண் 0. நீங்கள் இன்ஸ்டால் செய்யும் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஆண்ட்ராய்ட் 10,000க்கு மேல் ஒரு தனி எண் கொடுத்து, தனி அறையில் வைக்கிறது. ஓர் அறையில் உள்ள ஃபைலை அடுத்த அறைக்காரர் தொட முடியாது.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. அரியநாயகிபுரம் அணைக்கட்டில் கோடகன் கால், பழவூரில் பாளையங்கால், சுத்தமல்லியில் திருநெல்வேலி கால் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஷட்டர் உண்டு. பாளையங்கால் விவசாயி போய் கோடகன் கால் ஷட்டரைத் தூக்க முடியாது. பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எல்லா ஷட்டருக்கும் சேரும் ஒரே சாவி உங்கள் கைக்கு வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் ரூட்.

இந்தச் சாவி கேட்காமலே கிடைத்த கதையும் உண்டு. 2008ல் வந்த முதல் ஆண்ட்ராய்ட் போன், டி-மொபைல் ஜி1. அதன் ஒரு பதிப்பில், கீபோர்டில் எதை டைப் செய்தாலும் அது பின்னணியில் ரூட் கட்டளையாகவும் ஓடியது. நண்பருக்கு 'ரீபூட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் போன் நிஜமாகவே அணைந்து மீண்டும் எழுந்தது! கூகுள் அவசரமாக அதைச் சரிசெய்தது.

எதற்காகச் செய்கிறார்கள்?

2011 அக்டோபர் 5ல் வெளியான ஆகாஷ் டேப்ளட் நினைவிருக்கிறதா? டேட்டாவிண்ட் தயாரித்த 7 அங்குல டேப்ளட். 256 எம்பி ராம், ஆண்ட்ராய்ட் 2.2. அதில் கூகுளின் ஆண்ட்ராய்ட் மார்க்கெட் கிடையாது; கெட்ஜார் என்ற வேறொரு கடைதான் இருந்தது. கம்பெனி தராத ஒன்றைச் சிஸ்டம் பகுதிக்குள் எழுத வேண்டுமானால் ரூட் தேவை. அந்தக் காலத்தில் மலிவு டேப்ளட்காரர்கள் ரூட் பக்கம் போனதற்கு நியாயம் இருந்தது. (இப்போது பீரோவில் ஓர் ஆகாஷ் கிடைத்தாலும் பயனில்லை. 2021 செப்டம்பர் 27 முதல் ஆண்ட்ராய்ட் 2.3.7 வரையுள்ள கருவிகளில் கூகுள் கணக்குக்குள் நுழைய முடியாது.)

இன்றும் சில நன்மைகள் உண்டு. அப்ளிகேஷன்களை அவற்றின் டேட்டாவோடு முழுமையாக பேக்அப் எடுக்கலாம். எல்லா அப்ளிகேஷன்களிலும் விளம்பரங்களைத் தடுக்கலாம். பிராசஸர் வேகத்தைக் குறைத்து பேட்டரியை மிச்சப்படுத்தலாம்.

ஆனால் அதிகம் பேர் சொல்லும் காரணம் இடம். 'வேண்டாத அப்ளிகேஷன்களை அழித்தால் மெமரி காலியாகும்' என்பது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடிகிறது. அந்த அப்ளிகேஷன்கள் இருப்பது சிஸ்டம் பகுதியில். நீங்கள் போட்டோ, வீடியோ வைப்பது டேட்டா பகுதியில். இரண்டுக்கும் நடுவே சுவர் உண்டு. அந்தப் பக்கம் 500 எம்பி அழித்தாலும் இந்தப் பக்கம் அது சேராது.

எப்படி நடக்கிறது?

செட்டிங்ஸில் 'அபவுட் டேப்ளட்' பகுதியில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அங்கே அனுமதி கொடுத்துவிட்டு, யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறக்கும்போது டேப்ளட்டில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். பிறகு உங்கள் மாடலுக்கே உரிய பூட் ஃபைலை மேஜிஸ்க் என்ற சாஃப்ட்வேரால் மாற்றி, திரும்ப எழுத வேண்டும். மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் டேப்ளட் எழும்பாமல் போகலாம். பாதியில் கேபிள் கழன்றாலும் அப்படியே. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், நம்மூர் மின்வெட்டு நேரத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

ஆபத்து எங்கே?

டேப்ளட் கெட்டால் போவது டேப்ளட் விலைதான். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. இன்று அதே டேப்ளட்டில் பிள்ளை பாடம் படிக்கிறது, அம்மா பென்ஷன் வந்ததா என்று பேங்க் கணக்கைப் பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடி நம் நாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. ரூட் செய்யாத டேப்ளட்டிலேயே அது ஆபத்து. ரூட் செய்த டேப்ளட்டில் 'கிராண்ட்' என்று ஒருமுறை தட்டிவிட்டால், அறைச் சுவர் எதுவும் அதைத் தடுக்காது.

2016 நவம்பரில் செக் பாயிண்ட் நிறுவனம் கூலிகன் என்ற வைரஸைப் பற்றி வெளியிட்டது. ஆண்ட்ராய்ட் 4, 5 கருவிகளை அது தானே ரூட் செய்து, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கூகுள் கணக்குகளுக்குள் புகுந்திருந்தது. திருடன் முதலில் தேடுவதே அந்தச் சாவியைத்தான் என்பது இதில் தெரிகிறது. நாமே செய்து கொடுப்பானேன்?

இதனால்தான் பல பேங்க் அப்ளிகேஷன்கள் ரூட் செய்த கருவியில் திறக்க மறுக்கின்றன. வாரண்டியும் சிக்கலாகலாம். 2013க்குப் பின் வந்த பல சாம்சங் மாடல்களில், மாற்றிய சாஃப்ட்வேரை ஏற்றினால் உள்ளே ஓர் எலக்ட்ரானிக் ஃபியூஸ் எரிந்துவிடும். அதன்பின் பழைய சாஃப்ட்வேரையே போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் வேலை செய்யாது.

என்ன செய்யலாம்?

வேண்டாத அப்ளிகேஷனை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' சென்று 'டிஸேபிள்' கொடுங்கள். அது ஓடாது, கண்ணிலும் படாது. அதற்கு வந்த அப்டேட்டுகளை நீக்கினால் அந்த அளவு இடமும் திரும்பும். முக்கால்வாசிப் பேருக்கு இது போதும்.

பேங்க் வேலைக்குப் பயன்படும் டேப்ளட்டை ரூட் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. வாரண்டி முடிந்து, அப்டேட்டும் நின்றுபோன பழைய டேப்ளட் இருந்தால் தாராளமாகப் பழகிப் பாருங்கள். அதில் யாருடைய கூகுள் கணக்கும் இருக்கக்கூடாது. அந்த மாடலுக்கு லினேஜ் ஓஎஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கு பூட்லோடரைத் திறந்தால் போதும், ரூட் தேவையில்லை. இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய டேப்ளட்டைக் கடையில் வாங்குபவர்கள், ஆன் செய்யும்போது பூட்லோடர் திறந்திருப்பதாக எச்சரிக்கை வருகிறதா, மேஜிஸ்க் அல்லது சூப்பர்எஸ்யு ஐகான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருந்தால், மேஜிஸ்க்கின் உள்ளேயே உள்ள அன்இன்ஸ்டாலைப் பயன்படுத்தி நீக்கிவிட்டு, கம்பெனியின் ஒரிஜினல் சாஃப்ட்வேரை முழுவதுமாக ஏற்ற வேண்டும். அதற்கு முன் அவசரப்பட்டு பூட்லோடரைப் பூட்டிவிடாதீர்கள். மாற்றிய ஃபைல் உள்ளே இருக்கும்போது பூட்டினால் பல மாடல்கள் அத்தோடு எழும்பாது.