லீவர் ரைபிள் சேகரிப்பு: முசலிக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கம் துவக்கு என்றால் ஆட்களுக்கு மூன்றுதான் நினைவுக்கு வரும். வயல் காவலுக்கு வைத்திருக்கும் சொட்கன். குழல் வாயால் மருந்து இடித்து நிரப்பும் இடியன். காட்டுப் பாதையில் கம்பி இழுத்துக் கட்டி, பன்றி, மாடு, மனிதன் என்று பாராமல் சுடும் கட்டுத்துவக்கு. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு பிடி இருக்க, அதை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் லீவர் ரைபிளை நாம் பார்த்தது ஜெய்சங்கரின் கௌபாய் படங்களில்தான்.

ஆனாலும் கேட்கிறார்கள். ஊரில் பதினெட்டு, இருபது வயதில் இருக்கும் பிள்ளைகளும் கேட்கிறார்கள், கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிவிட்ட நம் சொந்தக்காரரும் கேட்கிறார்கள். இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அங்கே உள்ளவர் துவக்கையே வாங்கலாம். இங்கே உள்ளவர் துவக்கைத் தவிர மற்றதையெல்லாம் சேர்க்கலாம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: பணத்தை எடுக்க முன் சட்டத்தைப் பாருங்கள்

இலங்கையில் இன்றும் ஆள்வது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம். அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் தண்டனையைக் கூட்டினவே தவிர குறைக்கவில்லை. அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும், புதுப்பிக்க வேண்டும். பயிர் காவலுக்கு என்றால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பம். ஆள் பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு. “பழைய சாமான், அழகுக்கு அலுமாரியில் வைக்கப் போகிறேன்” என்று சொல்லி ஒரு ரைபிளுக்கு அனுமதி வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வயதான துவக்கு, துருப்பிடித்த துவக்கு, சுடாத துவக்கு எல்லாம் பொலிஸுக்குத் துவக்குத்தான். வெளிநாட்டில் வாங்கியதைக் கொள்கலனில் வீட்டுச் சாமானோடு சேர்த்து அனுப்பும் யோசனை இருந்தால் அதை இந்த வரியோடு விட்டுவிடுங்கள்.

கனடாவில் கதை வேறு. பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு முடித்து, சோதனையில் தேறி, சுடுகலன் வைத்திருக்கவும் வாங்கவும் உரிய அனுமதிப்பத்திரம் எடுத்தால் லீவர் ரைபிள் வாங்கலாம். 2022இல் அங்கே கைத்துப்பாக்கி விற்பனையை முடக்கினார்கள். .22 லீவர் ரைபிள் அந்தக் கணக்கில் வரவில்லை. இன்னொரு வாசலும் உண்டு. 1898க்கு முன் செய்த, .22 அல்லாத ரிம்ஃபயர் தோட்டா (படி 3இல் விளக்கம்) மட்டும் சுடும் ரைபிள் அந்த நாட்டுச் சட்டப்படி தொல்சுடுகலன். அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. பாதுகாப்பாகக் கொண்டுபோகும், வைத்திருக்கும் விதிகள் அதற்கும் உண்டு. இங்கிலாந்தில் .22க்குப் பொலிஸ் சான்றிதழும், சுடுதல் கழக உறுப்புரிமை போன்ற நியாயமான காரணமும் வேண்டும். வழக்கொழிந்த .44 ரிம்ஃபயர் போன்றவற்றை, சுடும் எண்ணமில்லாமல் காட்சிப் பொருளாக வைத்திருக்க வழி இருக்கிறது. சட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், வாங்கும் வாரத்தில் அந்தந்த நாட்டுப் பொலிஸின் இணையத்தளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

படி 2: நம் மண்ணில் கிடக்கும் இரும்பைத் தொடாதீர்கள்

இந்தப் படி வேறு எந்த ஊர் வழிகாட்டியிலும் இராது. முசலியில் தேவை.

பழைய வீடுகளின் பரணில் தாத்தாவின் துவக்கு கிடைக்கும் என்பது மற்ற நாட்டுச் சேகரிப்பாளரின் கனவு. நமக்குப் பரணே மிஞ்சவில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது முசலிக் கிராமங்கள் காலியாயின. புத்தளம் பக்கம் போன சனம் கையில் எடுத்ததே கொஞ்சம். முசலியின் சிலாவத்துறையை இராணுவம் 2007 செப்டெம்பரில் பிடித்தது. 2009க்குப் பிறகு ஆட்கள் திரும்பி வந்து பார்த்தபோது பல இடங்களில் வீட்டுச் சுவரையே காடு மூடியிருந்தது. அந்தக் காட்டைத் துப்புரவு செய்யும்போது கிடைக்கும் குழல், தகரம், தோட்டா எதுவும் சேகரிப்புப் பொருள் அல்ல. வெடிக்காத குண்டாக இருக்கலாம். வெறும் துருக் குழலாகவே இருந்தாலும், உங்கள் வீட்டுக்குள் வந்த நிமிடத்தில் அது அனுமதியில்லாத சுடுகலன். இடத்துக்கு அடையாளம் வைத்து விலகி, கிராம அலுவலரிடமோ பொலிஸிடமோ சொல்லுங்கள்.

அல்லிராணிக் கோட்டை என்று நாம் சொல்லும் அரிப்பு டொரிக் மாளிகையைச் சுற்றியும் சிலர் உலோகம் தேடும் கருவியோடு திரிவதுண்டு. ஆளுநர் பிரெடரிக் நோர்த்துக்காக 1800களின் தொடக்கத்தில் கட்டிய கட்டடம் அது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். தோண்டாதீர்கள்.

படி 3: ரிம்ஃபயர் என்றால் என்ன என்று பிடிபடட்டும்

தோட்டாவின் அடித்தகட்டைப் பாருங்கள். நடுவில் பொட்டு மாதிரி ஒரு சின்ன வட்டம் தனியாகப் பதித்திருந்தால் அது சென்டர்ஃபயர். அடி முழுக்க ஒரே மொட்டைத் தகடாக இருந்தால் ரிம்ஃபயர். இதில் பற்றவைக்கும் மருந்து, வெளியே பிதுங்கி நிற்கும் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. சுத்தியல் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் தீப்பிடிக்கும். விளிம்பு நசுங்க வேண்டுமானால் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். தகடு மெல்லியது என்றால் அதிக அழுத்தம் தாங்காது. அதனால்தான் பெரிய ரிம்ஃபயர் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக மறைந்து, சின்ன .22 இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அதன் முதல் வடிவமான .22 ஷோர்ட் 1857இல் சிமித் அண்ட் வெசன் கொண்டுவந்தது. இன்று எங்கும் விற்கும் லோங் ரைபிள் வகை 1887இல் வந்தது.

இந்த ஒரு விடயம் விளங்கினால் சேகரிப்பின் பாதி விளங்கிவிடும். ஒரு ரைபிளின் விலை, அதைச் சட்டம் பார்க்கும் விதம், அதைச் சுட முடியுமா என்பது எல்லாம் அது எந்தத் தோட்டாவுக்குச் செய்தது என்பதில்தான் தொங்குகிறது.

படி 4: எதைத் தேடுவது

உச்சியில் இருப்பது ஹென்றி ரைபிள். பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860இல் காப்புரிமை பெற்றது, .44 ரிம்ஃபயர், மொத்தமே ஏறக்குறைய 14,000. அதன் வாரிசு வின்செஸ்டர் 1866. மஞ்சள் உலோக உடம்பு, பக்கவாட்டில் தோட்டா நுழைக்கும் கதவு. ஓட்டோமான் அரசு இதை ஆயிரக்கணக்கில் வாங்கியது. 1877இல் பல்கேரியாவின் பிளெவ்னாவில் ரஷ்யப் படை அகழிகளை நெருங்கி வந்தபோது துருக்கியர் இந்த ரைபிள்களால்தான் தோட்டாக்களை மாரியாகப் பொழிந்தார்கள். இரண்டையும் புத்தகத்தில் பார்த்து ரசியுங்கள். புதியவர் வாங்கக் கூடாத விலை. போலி செய்பவனுக்கும் பிடித்தவை இவைதான்.

வின்செஸ்டர் 1873ஐ .22இலும் செய்தார்கள், 1884 முதல் 1904 வரை, சுமார் 19,000. பெரிய உடம்புக்குள் சின்னத் தோட்டா, பார்க்கவே விசித்திரம். சாதாரண 1873க்கு வலப்பக்கம் இருக்கும் நுழைகதவு இதற்கு இல்லை என்பது கண்டதும் தெரியும் அடையாளம். அது அவ்வளவாக விற்கவில்லை. வின்செஸ்டர் 1890இல் .22க்குப் பம்ப் வகைக்குப் போனது. களம் மார்லினுக்குக் கிடைத்தது.

என் கருத்தில் புதியவரின் முதல் துவக்கு மார்லினாகத்தான் இருக்க வேண்டும். 1891 மாதிரியில் தொடங்கி 1892, 1897, பிறகு 1922இல் மொடல் 39, 1939இல் 39ஏ என்று ஒரே எலும்புக்கூடு நூறு வருடத்துக்கு மேல் நீண்டு வந்தது. அமெரிக்கக் குறிசுடும் வீராங்கனை ஆனி ஓக்லி காட்சிக்குச் சுட்டவற்றில் மார்லின் லீவரும் உண்டு. 1897 முதல் வந்தவற்றின் வலப்பக்கத்தில் ஒரு பெரிய திருகு இருக்கும். அதைக் கையாலேயே, இறுகியிருந்தால் ஒரு நாணயத்தால், கழற்றினால் ரைபிள் இரண்டு பாதியாகப் பிரியும். உள்ளே உள்ள எந்திரம் முழுவதும் கண்முன் நிற்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். 1930களின் தொடக்கத்துக்கு முந்திய மொடல் 39களின் போல்ட் வேகமான தோட்டாவுக்கு விரிசல் விடக் கூடியது. தொடர் இலக்கத்துக்கு முன் ‘எச்எஸ்’ எழுத்து இருப்பவை பலப்படுத்திய போல்டோடு வந்தவை. எழுத்து இல்லாததை வாங்கினால் மெதுவான தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம் குறைவு என்றால் ஸ்டீவன்ஸ் ஃபேவரிட். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா, சிறுவர்களுக்கென்று செய்தது. .25, .32 ரிம்ஃபயரிலும் கிடைக்கும், ஆனால் அந்தத் தோட்டாவுக்கு அலைய வேண்டும். வின்செஸ்டர் 9422 பழசு அல்ல, 1972 முதல் 2005 வரை. இருந்தும் நிறுத்தியபின் விலை ஏறியபடி. பிரிட்டிஷ் பக்கம் பார்த்தால் பிஎஸ்ஏ செய்த மார்ட்டினி .22 இலக்குரைபிள்கள் உண்டு. லீவர் கீழே இறங்க, அடைப்புக்கட்டை உள்ளே சாயும். கௌபாய் வகை இல்லை, ஆனால் லீவர் லீவர்தான்.

படி 5: கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி

முதலில் வெறுமையா என்று பாருங்கள், விற்பவர் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும். லீவரை இறக்கி அறைக்குள் பாருங்கள், பிறகு குழலுக்குக் கீழே உள்ள தோட்டாக்குழாயையும் உருவிப் பாருங்கள். பழைய குழாய்களில் சுருள்வில் இறுகி ஒரு தோட்டா உள்ளேயே தங்கிவிடுவது உண்டு.

அடுத்து குழலின் உட்புறம். அந்தக்காலத் தோட்டா மருந்து சுட்டபின் உப்பை விட்டுப்போகும். அன்றிரவே துடைக்காதவன் துவக்கின் குழல் பள்ளம் பள்ளமாக அரித்திருக்கும். வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் சுருள்வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும்.

பிறகு அறையின் வாய் விளிம்பு. ரிம்ஃபயர் துவக்கை வெறுமையாக வைத்து விசையை இழுத்தால் ஊசி போய் இரும்பு விளிம்பிலேயே குத்தும். பலமுறை குத்தினால் ஒரு சின்ன வடு. அந்த வடு தோட்டா நுழைவதையும் கோது வெளியேறுவதையும் தடுக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். கடையில் நின்று விசையை இழுத்துப் பார்க்கும் ஆளை அனுபவசாலிகள் ஏன் முறைக்கிறார்கள் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இனி மேனி. புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். பளபளவென்று கருநீலமாக இருக்கும் நூறு வயதுத் துவக்கைச் சந்தேகியுங்கள். கம்பெனிப் பெயர் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகுத் துளைகளின் விளிம்பு குழிந்திருந்தால் யாரோ மினுக்கி மறுபடி சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சோங்கு, அதாவது மரப்பிடி, இரும்பைச் சந்திக்கும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். கம்பெனியில் வந்தபோது மரம் இரும்பைவிட ஒரு மயிரளவு உயர்ந்திருக்கும். மரம் தாழ்ந்திருந்தால் மணல்தாள் போட்டிருக்கிறார்கள். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் பொருந்தாத கருவியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். பழுப்பேறிய, தேய்ந்த, ஆனால் யாரும் கைவைக்காத மார்லின் ஒன்றும், புத்தம் புதிதாக்கிய மார்லின் ஒன்றும் பக்கத்தில் இருந்தால் பழுப்பை எடுங்கள்.

படி 6: விலை, விற்பவர்

ஏலக் கம்பெனிகள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. அதுதான் உண்மை விலை. விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. தொடர் இலக்கத்தைப் படம் எடுத்து, செய்த வருடத்தை விற்பவர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கம் சுரண்டியிருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு நடையைக் கட்டுங்கள், அது சட்டப் பிரச்சினை.

படி 7: வைத்திருப்பது

உப்புக்காற்றில் வளர்ந்த நமக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. குளிர்நாட்டிலும் துரு வரும். குளிர்ந்த காரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே இரும்பு வியர்க்கும். தோலுறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய எண்ணெய்த் துணி போதும். கம்பித் தூரிகை, உப்புத்தாள் பக்கம் போகவே வேண்டாம். துவக்கும் தோட்டாவும் வேறு வேறு பூட்டில் இருக்கட்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் திறப்பும் உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

படி 8: ஊரில் இருந்துகொண்டே சேர்ப்பது

முசலியில் இருக்கும் பிள்ளைக்குச் சேர்க்கக் காகிதம் இருக்கிறது. வின்செஸ்டர், மார்லின், ஸ்டீவன்ஸ் மூன்றும் வெளியிட்ட பழைய விலைப்பட்டியல்கள், பத்திரிகை விளம்பரங்கள், கையேடுகள். பிரதியாகவும் கிடைக்கும், அசலாகவும் கிடைக்கும். தபாலில் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். தோட்டாப் பெட்டி வெறுமையாக இருந்தாலும் தபாலில் எடுக்காதீர்கள், விளக்கம் சொல்லிச் சலித்துவிடும்.

நம் நாட்டுக்குரிய நூல்களையும் படங்களையும் அதோடு சேர்க்கலாம். சாமுவேல் பேக்கர் 1850களில் இலங்கையில் வேட்டையாடியது பற்றி எழுதிய நூலை இன்று இலவசமாக வாசிக்கலாம். அவர் தூக்கித் திரிந்தது குழல் வாயால் நிரப்பும் கனத்த துவக்குகள். ஹென்றி ரைபிள் அப்போது பிறக்கவில்லை. மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாம்களின் புகைப்படங்கள் 1900களின் தொடக்கத்தவை. 1906இல் எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃப் அங்கே அரச அலுவலராக வேலை செய்தவர். அந்தப் படங்களில் காவலர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். துவக்கை அடையாளம் காணப் பழகுவதற்கு நல்ல பயிற்சி. பக்கத்து வில்பத்து 1938இல் தேசிய வனமாகிவிட்டதால் வேட்டைக் கதைகளின் காலம் அதோடு முடிகிறது. அதற்கு முந்தியதைத் தேடுங்கள்.

உண்மையான துவக்கைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கொழும்பு தேசிய அருங்காட்சியகம். லீவர் ரைபிளுக்காக அல்ல. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து 2023 டிசம்பரில் திரும்பி வந்த கண்டிக்காலப் பொருட்கள் ஆறில், லெவுக்கே பீரங்கியோடு இரண்டு பெரிய துவக்குகளும் உண்டு. குழலின் வேலைப்பாட்டையும் சோங்கின் பூட்டுகளையும் கிட்ட நின்று பார்த்து, படி 5இல் சொன்னதை அங்கே பழகிக்கொள்ளலாம். மன்னாரிலிருந்து இரவு பஸ் ஏறினால் அருங்காட்சியகம் திறக்க முன் போய்ச் சேரலாம்.